எம்.எஸ். ஊசியை வீட்டிலேயே போட்டுக்கிறவங்களுக்கு: ஃப்ரிட்ஜ், காய்ச்சல், கட்டி, ஊசிக் குப்பை

தண்டையார்பேட்டை சிஸ்டர் கேட்டது:

வணக்கம். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குற நரம்பு நோய்) உள்ளவங்க வீட்டுக்குப் போய் ஊசி போடச் சொல்லித் தர்ற வேலை எனக்கு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம். மூணு மருந்து ஓடுது: வாரம் மூணு தடவை தோலுக்கடியில போடுற இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, வாரம் ஒரு தடவை தசையில போடுற இன்டர்ஃபெரான், அப்புறம் வாரம் மூணு தடவை கிளாட்டிராமர் 40 மி.கி.

எப்படிக் குத்தணும்னு ஆஸ்பத்திரியிலயே ஒரு தடவை காட்டித்தான் அனுப்புறாங்க. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொண்ணா கிளம்புது. பெட்டிக்குள்ள இருக்கிற தாளைப் படிச்சா ஏசி போட்ட வீட்டுக்கு எழுதின மாதிரி இருக்கு. இங்க ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜ், மேல ஆஸ்பெஸ்டாஸ், மாசத்துக்கு ஒரு தடவை ஷட்டவுன்.

விஷயம் தெரிஞ்சவங்க இதுக்கெல்லாம் சொல்லுங்க. ஒண்ணு, மருந்தை எங்க வைக்கிறது, கரண்ட் போனா என்ன பண்றது. ரெண்டு, ஊசி போட்ட ராத்திரி வர்ற காய்ச்சலை எப்படிச் சமாளிக்கிறது, டெங்கு சீசன்ல எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது. மூணு, தோல்ல கட்டி, பள்ளம். நாலு, விரல் மரத்துப்போனவங்க, கை நடுங்குறவங்க தனியா எப்படிப் போட்டுக்கிறது. அஞ்சு, போட்டு முடிச்ச ஊசியை எங்க போடுறது? கடைசி விஷயத்துல யாருமே சரியா பதில் சொல்றதில்லை.

வண்ணை மருந்தாளுநர்:

சிஸ்டர், ஃப்ரிட்ஜ் விஷயத்தை நான் எடுத்துக்கிறேன்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: 2 முதல் 8 டிகிரிக்குள், உறையாமல், வெளிச்சம் படாமல் அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். குழப்பம் எல்லாம் ‘கொஞ்ச நாள் வெளியிலும் வைக்கலாம்’ என்ற வரியால்தான். கிளாட்டிராமருக்கு 15 முதல் 30 டிகிரிக்குள் ஒரு மாதம் வரை. தசையில் போடும் வாராந்திர சிரிஞ்சுக்கு 25 டிகிரி வரை 7 நாள். தோலடி இன்டர்ஃபெரானுக்கும் உச்சவரம்பு 25 டிகிரிதான். நம்ம பக்கத்தில் மார்கழிப் பகலிலேயே 25 தாண்டிவிடும். சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 30 என்பதையும் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே இன்டர்ஃபெரானுக்கு அந்த வரியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாட்டிராமருக்கு அது அவசரத்துக்கான சலுகை, வழக்கம் ஆகக் கூடாது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் வெப்பத்தைவிட உறைதல்தான் பெரிய எதிரி. ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கும், பாலும் மீனும் வைப்பார்களே, அங்கே வைக்கவே கூடாது. பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். கதவுத் தட்டு திறக்கும்போதெல்லாம் சூடாகும். நடு அடுக்கு, முன்பாதி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மருந்துப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டால் ஈரமும் படாது, குழம்பும் சிந்தாது.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் அவசியம். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வகையாக வாங்குங்கள். வெயில் காலத்தில் ஐஸ் வாட்டருக்காகக் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள். பகலில் கதவு திறந்து மூடுவதால் தெரியாது. நடுராத்திரி யாரும் திறக்காதபோது நடு அடுக்கே பூஜ்ஜியத்தைத் தொடும். காலையில் பார்த்தால் மருந்து தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் ஒருமுறை உறைந்து இளகியது வீண்தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் குறைந்தபட்ச அளவு தேவை. இன்னொன்று, ஐஸ் கட்டி சேர்ந்துவிட்டது என்று டிஃப்ராஸ்ட் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே போய்விடுவார்கள். அதற்கு முன் மருந்தைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும்.

கரண்ட் போனால் முதல் வேலை, கதவைத் திறக்காமல் இருப்பது. மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். பராமரிப்பு ஷட்டவுன் காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வருகிற கணக்கு, அதாவது ஐந்து மணி நேரம். முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் இரண்டு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துவிட்டால் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை இழுத்துவிடலாம். அப்படியும் 8 டிகிரி தாண்டியிருந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு டிகிரி என்று பெட்டி மேலேயே பேனாவால் எழுதுங்கள். மேலே சொன்ன வரம்புக்குள் இருந்தால் பயன்படும். சந்தேகம் என்றால் மருந்துக் கம்பெனியின் உதவி எண்ணில் அந்த இரண்டு எண்ணையும் சொல்லிக் கேட்கலாம்.

புயல் வேறு கணக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாமில் வட சென்னையில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாத தெருக்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, ஜெனரேட்டர் உள்ள எந்த இடத்தில் மருந்தை வைக்க முடியும் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்த மெடிக்கல் ஷாப்பே போதும். பெயர் எழுதிய டப்பா, ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

வாங்கி வரும்போது: தெர்மாகோல் பெட்டி, ஜெல் பேக்கைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம், மருந்து மறுபக்கம், இரண்டும் தொடக் கூடாது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கவே வேண்டாம், அது அடுப்பு. சென்ட்ரல் பக்கம் வாங்குகிறவர்கள் விம்கோ நகர் மெட்ரோவில் ஏசியிலேயே திருவொற்றியூர் வரை வந்துவிடலாம்.

தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடுகிற குளிர்ப்பை கேட்டு வருகிறார்கள். காற்று உலர்ந்த ஊரில் அது நன்றாக வேலை செய்யும். கடலோரக் காற்றில் ஈரம் காயாது, குளிர்ச்சியும் வராது. மண்பானை யோசனைக்கும் அதே பதில்.

காசிமேடு கரை:

இவ்ளோ ஏன் கஷ்டப்படணும்? எங்க ஏரியாவுல ஐஸுக்கா பஞ்சம். மீன் பெட்டியில ஐஸ் கொட்டி அதுல வச்சா ரெண்டு நாள் தாங்கும். கரண்டே வேணாம்.

வண்ணை மருந்தாளுநர்:

அண்ணே, அதைத்தான் செய்யக் கூடாது. வெறும் ஐஸே பூஜ்ஜியம் டிகிரி, நமக்குத் தேவை 2க்கு மேல். மீன் ஐஸில் உப்பு கலந்திருந்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். சிரிஞ்ச் உறைந்துவிடும். ஐஸ் பெட்டிதான் கைவசம் என்றால் கீழே ஐஸ், அதன்மேல் மடித்த கோணிச்சாக்கு, அதன்மேல் காலி டப்பா, டப்பாவுக்குள் மருந்தும் தெர்மாமீட்டரும். மணிக்கு ஒரு தடவை அளவு பார்க்கணும். 4, 5 டிகிரி காட்டினால் நல்லது. ஐஸோடு நேராக ஒட்ட வைத்தால் ஒரு மாச மருந்து போச்சு.

நியூரோ வார்டு அக்கா:

சிஸ்டர், கட்டியும் பள்ளமும் பத்தி. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: அந்த வீட்டுல யாராவது இன்சுலின் போட்டுக்கிறாங்களா? நம்ம பக்கம் பாதி வீட்டுல ஆம்னுதான் வரும். அம்மாவோ மாமியாரோ பத்து வருஷமா தனக்குத் தானே குத்திக்கிறவங்க, ‘நான் சொல்லித் தர்றேன் வா’ன்னு உக்காருவாங்க. நல்ல மனசுதான். ஆனா இன்சுலின் பழக்கம் நாலும் இங்க தப்பு.

இன்சுலின் பேனால முதல்ல ரெண்டு யூனிட் காத்துல விட்டுப் பார்ப்பாங்க. கிளாட்டிராமர் சிரிஞ்சுல உள்ள இருக்கிற சின்னக் காத்துக் குமிழியை வெளிய தள்ளவே கூடாது, தள்ளினா மருந்தும் சேர்ந்து போயிடும். இன்சுலின் ஊசியை ரெண்டு மூணு தடவை திரும்பப் பயன்படுத்துவாங்க, அங்கயும் தப்புதான், இங்க சிரிஞ்சே ஒரு தடவைக்குத்தான். தொப்புளைச் சுத்தி ஒரே இடத்துல குத்துவாங்க. குத்தின இடத்தைத் தேய்ச்சு விடுவாங்க. கடைசி ரெண்டும்தான் கட்டிக்கு வழி.

தோலடி ஊசிக்கு எட்டு இடம் வச்சுக்குங்க: வயிறு வலம் இடம், தொடையின் வெளிப்பக்கம் வலம் இடம், இடுப்புக்குக் கீழ பின்பக்கம் வலம் இடம், மேல்கையின் பின்பக்கம் வலம் இடம். வாரம் மூணுன்னா அதே இடத்துக்குத் திரும்ப ரெண்டரை வாரத்துக்கு மேல ஆகும். தொப்புளைச் சுத்தி 5 செ.மீ. விடணும். மச்சம், தழும்பு, பிரசவக் கோடு மேல வேணாம். தாள்ல எழுதாத ஒண்ணு: பாவாடை நாடா, லுங்கி முடிச்சு, பெல்ட் அழுந்துற கோட்டுல போடாதீங்க. நாள் முழுக்க உரசி அந்த இடம் செவந்தே இருக்கும், மருந்தால வந்ததுன்னு நினைச்சு ஊசியையே நிறுத்திடுவாங்க.

போடுற வரிசை: ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து 20 நிமிஷம் வெளிய வைக்கணும். சில்லுனு போட்டா வலி அதிகம். வெந்நீர்ல வைக்கிறது, உள்ளங்கைல உருட்டிச் சூடாக்குறது வேணாம். மே மாசத்துல ஃபேன் காத்துல 15 நிமிஷமே போதும், மறந்துபோய் ஜன்னலோரம் வெயில்ல விட்டுடாதீங்க. சோப்புப் போட்டுக் கை கழுவி, குத்துற இடத்தை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு, காய விடணும். இதுலதான் அவசரப்படுறாங்க. ஈரம் இருக்கறப்பவே குத்தினா ஸ்பிரிட் உள்ள போய் எரியும், ‘மருந்து எரியுது’ம்பாங்க. வாயால ஊதிக் காய வைக்கக் கூடாது. அங்க பவுடர், எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசியிருக்கக் கூடாது.

மூடியை நேரா இழுக்கணும், திருக வேணாம். ஊசி முனையில துளி மருந்து தொங்கினா சிரிஞ்சை மெதுவா தட்டி விழ வைக்கணும், இன்டர்ஃபெரான் துளி தோல் வழியா இழுபட்டுப் போனா அந்தத் தடம் செவக்கும். ரெண்டு விரலால 5 செ.மீ. அளவுக்குச் சதையைத் தூக்கிப் பிடிச்சு 90 டிகிரியில குத்தணும், ஒல்லியானவங்களுக்கு 45. பிஸ்டனை மெதுவா தள்ளி, பத்து எண்ணிட்டு நேரா வெளிய எடுக்கணும். காஞ்ச பஞ்சால அழுத்தினா போதும். வீங்கினா துணியில சுத்தின ஐஸ் கொஞ்ச நேரம். ஐஸை நேரா வைக்காதீங்க, தொடை மரத்துப்போன எம்.எஸ். ஆளுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது.

தசை ஊசி வேற ஜாதி. சதையைக் கிள்ளக் கூடாது, தோலை விரிச்சுப் பிடிக்கணும். தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி. கூட வர்ற ஊசி ஒண்ணேகால் அங்குலம், பார்த்தாலே பயம் வரும். அதனால பாதி வரைக்கும் குத்திட்டு மருந்தைத் தள்ளிடுவாங்க. அது கொழுப்புல நின்னு கட்டியாகும், அப்புறம் ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல’ம்பாங்க. முழுசா போகணும். ரொம்ப ஒல்லியானவங்க ஒரு அங்குல 25 கேஜ் ஊசி போட்டுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க.

கட்டி செவப்பா, தடிப்பா இருந்தா சில நாள்ல கரையும். பள்ளம் அப்படி இல்லை. தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு கரைஞ்சு குழியாகுறது, திரும்ப நிரம்பாமலே போகலாம். கிளாட்டிராமர்ல இதைப் பார்க்கிறோம். வாரம் ஒரு தடவை குளிக்கறப்ப எட்டு இடத்தையும் விரலால தடவிப் பார்க்கச் சொல்லுங்க, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியும். குழி தட்டுச்சுன்னா அந்த இடத்துக்கு ஓய்வு. குத்தின இடம் நீலம் கலந்த கருப்பா மாறுறது, தோல் கிழிஞ்சு நீர் வடியுறது, இதெல்லாம் அன்னிக்கே டாக்டர்கிட்ட போக வேண்டியது. இன்டர்ஃபெரான்ல தோல் அழுகுறது உண்டு.

கிளாட்டிராமர் போடுறவங்க வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டிய ஒண்ணு. ஊசி போட்ட சில நிமிஷத்துல முகம் செவந்து, நெஞ்சு இறுகி, படபடப்பு, மூச்சு முட்டுறது வரலாம். முதல் ஊசியில இல்லாம மாசக்கணக்கு கழிச்சும் வரும். பெரும்பாலும் கால் மணி, அரை மணிக்குள்ள தானா அடங்கிடும். இதைப் பார்த்து ஹார்ட் அட்டாக்னு பயந்துடுவாங்க. ஆனா இதே மாதிரி ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையா மாறுறதும் உண்டுன்னு 2025 ஜனவரியில அமெரிக்க எஃப்.டி.ஏ. கட்டம் கட்டி எச்சரிக்கை சேர்த்துச்சு. வருஷக்கணக்கா போட்டவங்களுக்கும் வரலாம், பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள. உதடு, நாக்கு வீங்குறது, உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சு இழுப்பு, மயக்கம், அல்லது முதல்ல வந்தது அடங்காம ஏறிட்டே போறது: அப்ப யோசிக்காம 108. அடுத்த ஊசி டாக்டர் சொல்ற வரைக்கும் கிடையாது. அதனால இந்த மருந்தை யாருமே இல்லாத நேரத்துல, கதவை உள்தாழ்ப்பாள் போட்டுட்டுப் போட வேண்டாம்.

திங்கள் புதன் வெள்ளி:

ரெண்டாவது, நாலாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

இன்டர்ஃபெரான் காய்ச்சல் ஊசி போட்ட சில மணி நேரத்துல ஆரம்பிச்சு 24 மணி நேரத்துக்குள்ள விட்டுடும். குளிர், உடம்பு வலி, தலைவலி. முதல் ரெண்டு மூணு மாசம்தான் மோசம். மருந்தை விடுறவங்க பெரும்பாலும் இந்தக் காலத்துலதான் விடுறாங்கன்னு என் கணிப்பு. அதனால தோலடி இன்டர்ஃபெரான்-1ஏ 44 மைக்ரோகிராம் எழுதியிருந்தாலும் முதல்லயே 44 கிடையாது. முதல் ரெண்டு வாரம் 8.8, அடுத்த ரெண்டு வாரம் 22, அஞ்சாவது வாரத்துல இருந்துதான் 44. படிப்படியா ஏத்துற பேக் கிடைக்காம நேரா 44ல ஆரம்பிச்சிருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுட்டுப் படுத்தா கஷ்டம் பாதி தூக்கத்துலயே போயிடும். பாராசிட்டமால் 500 அல்லது 650, ஊசிக்கு அரை மணி முன்னாடி ஒண்ணு, வேணும்னா நாலுல இருந்து ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. ஒரு நாளைக்கு 3 கிராம் தாண்ட வேண்டாம். இன்டர்ஃபெரானே கல்லீரல் என்சைமை ஏத்தும், அதோட சளி மாத்திரைக்குள்ளயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், கூட்டிப் பாருங்க. 1, 3, 6 மாசத்துல ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்கிற டெஸ்டைத் தள்ளிப் போட வேண்டாம். மனசு ரொம்ப இறங்கிப் போச்சுன்னா அதையும் மருந்துக் கணக்குல சேர்த்துச் சொல்லணும், வீட்டுப் பிரச்சினைன்னு விட்டுடக் கூடாது.

எம்.எஸ். உடம்புல சூடு ஏறினா பழைய கோளாறெல்லாம் தலை தூக்கும். கண் மங்கும், கால் துவளும். இது எம்.எஸ்.ஸோட புது அட்டாக் இல்லை, உடம்பு குளிர்ந்தா சரியாகும். கத்திரி வெயில், கரண்ட் கட், அதோட ஊசிக் காய்ச்சல், மூணும் ஒரே ராத்திரி சேர்ந்தா பாத்ரூம் போறப்ப விழுந்துடுவாங்க. ஊசி ராத்திரில பாத்ரூம் வரைக்கும் வழியைக் காலி பண்ணி, எமர்ஜென்சி லைட்டைப் பக்கத்துல வைங்க. காய்ச்சலும் இல்லை, ஆனா புதுக் கோளாறு 24 மணி நேரத்துக்கு மேல நிக்குதுன்னா அதுதான் டாக்டருக்குச் சொல்ல வேண்டிய அட்டாக்.

டெங்கு: ஊசி போட்டு 24 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல், அல்லது ஊசி போடாத நாள்ல காய்ச்சல்னா ஊசி மேல பழி போடாதீங்க. மழைக்காலத்துல உடனே ரத்தம் பாருங்க. இதுல ஒரு சிக்கல், இன்டர்ஃபெரான் வெள்ளை அணுக்களைக் குறைக்கும், டெங்குவும் குறைக்கும். பழைய ரிப்போர்ட்டைக் கையோட கொண்டு போனாதான் எது புதுசுன்னு டூட்டி டாக்டருக்குத் தெரியும். ஊசிக் காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் எடுத்துப் பழகினவங்க டெங்கு சந்தேகம் வந்த நிமிஷமே அதை நிறுத்தணும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரினும் கூடாது, ரத்தக்கசிவு வரும். அடுத்த ஊசியைத் தள்ளிப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

கை விஷயம். மரத்துப்போன விரலுக்கு மூடியைக் கழட்டுறதுதான் பெரிய கண்டம். இழுத்த வேகத்துல கை திரும்பி வந்து குத்திக்கும். தோசைத் தட்டுக்கு அடியில போடுற மாதிரி வழுக்காத ரப்பர் மேட் ஒண்ணை மேசையில விரிச்சு, ரெண்டு முழங்கையும் ஊன்றி, மூடியை உடம்புக்கு எதிர்ப்பக்கம் இழுக்கணும். நடுக்கம் உள்ளவங்க தொடையிலயும் வயித்துலயும் மட்டும் தாங்களே போட்டுக்கட்டும். கை, பின்பக்கம் எல்லாம் ஆள் இருக்கிற நாளுக்கு.

ஆட்டோஇன்ஜெக்டர் உங்க மருந்துக்கு உண்டான்னு கேளுங்க. தோல்ல அழுத்தினா தானே குத்தித் தானே தள்ளும், கட்டைவிரல் பலம் வேணாம். ஆனா அதுலயும் தப்பு நடக்கும்: மருந்து முழுசா போறதுக்கு முன்னாடி எடுத்துடுறாங்க, தரையில சிந்திடும். ஆழம் மாத்துற வகைன்னா கைக்கும் வயித்துக்கும் ஒரே எண் வைக்கக் கூடாது, சதை கம்மியான இடத்துல தசைக்குள்ள போயிடும், வலிக்கும். எந்த இடத்துக்கு எந்த எண்னு நர்ஸ்கிட்ட ஒரு தடவை எழுதி வாங்கிக்குங்க.

எந்த இடத்துல போட்டோம்னு மாசக் காலண்டர்ல குறிங்க. தினசரி காலண்டர்ல குறிச்சா மறுநாள் காலையில வீட்டுல யாராவது கிழிச்சுடுவாங்க.

கிடங்கு ரோடு:

அஞ்சாவது கேள்வி யாருமே தொடலை. குப்பை வண்டி வேலை தெரிஞ்சவன் சொல்றேன்.

இந்தப் பக்கம் குப்பை போய்ச் சேருற இடம் கொடுங்கையூர். வீட்டுல இருந்து கிடங்கு வரைக்கும் அதை எத்தனை கை பிரிக்குதுன்னு யோசிங்க. மூடியைத் திரும்பப் போட்டுக் கவர்ல சுத்தினா பத்திரம்னு நினைக்கிறாங்க. மூடியைத் திரும்பப் போடுறப்பதான் வீட்டுல இருக்கிறவங்களுக்கே குத்துது, அதுவும் விரல் மரத்தவங்களுக்கு. மூடவே கூடாது. வளைக்கவும் உடைக்கவும் கூடாது.

ஷார்ப்ஸ் பாக்ஸ் (ஊசிக் குப்பைக்குன்னே விக்கிற கெட்டி டப்பா) வாங்க முடிஞ்சா நல்லது. இல்லைன்னா துணி துவைக்கிற லிக்விட் வர்ற கெட்டி பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடி உள்ளது. தண்ணி பாட்டில் ஆகாது, ஊசி வெளிய வந்துடும். கண்ணாடியும் வேணாம், உடையும். பாட்டில் வாய் சிரிஞ்ச் போற அளவு இருக்கான்னு வாங்கறப்பவே பாருங்க. ஊசி போடுற இடத்துக்குப் பக்கத்துலயே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்துல வைங்க. போட்டதும் ஊசி கீழ பார்க்க உள்ள போடணும். முக்கால் பாட்டில் நிறைஞ்சதும் மூடித் திருகி, செல்லோடேப் சுத்தி, ‘ஊசி, திறக்காதே’ன்னு பெரிய எழுத்துல எழுதுங்க. அமுக்கி இன்னும் நாலு திணிக்க வேணாம்.

அதை மருந்து எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரியிலயோ பக்கத்து நர்சிங் ஹோம்லயோ கேட்டுக் கொடுங்க. அவங்க மருத்துவக் கழிவு வண்டியில தனியா போயிடும். வாங்கிக்க மாட்டேன்னா வார்டு துப்புரவு ஆய்வாளரைப் பாருங்க. 2016 திடக்கழிவு விதியிலயே வீட்டு அபாயக் கழிவுப் பட்டியல்ல பயன்படுத்தின ஊசியையும் சிரிஞ்சையும் சேர்த்திருந்தாங்க, ‘எங்க வேலை இல்லை’ன்னு சொல்ல முடியாது. எப்படிக் கொடுத்தாலும் மக்குற குப்பை, மக்காத குப்பை ரெண்டுலயும் கலக்காதீங்க. வண்டிக்காரர் கையில கொடுக்கிறதா இருந்தா வாயைத் திறந்து ‘இதுல ஊசி இருக்கு அண்ணே’ன்னு சொல்லிக் கொடுங்க.

வீட்டுல வேற யாருக்காவது குத்திடுச்சுன்னா ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவணும். பிதுக்கி ரத்தம் எடுக்க வேணாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி, நம்ம பக்கம்னா ஸ்டான்லி இருக்கு. தடுப்பு மருந்து வேணுமான்னு அவங்க சொல்வாங்க, தள்ளிப் போடப் போட அதோட பலன் குறையும்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி. எண்ணெய், மஞ்சள் சொன்னீங்களே அக்கா, ரெண்டு வீட்டுல கட்டிக்கு விளக்கெண்ணெய் போடுறாங்க, நாளைக்கே நிறுத்துறேன்.

இன்னும் ரெண்டு. கடையில கிளாட்டிராமர் 40 ஸ்டாக் இல்லைன்னு 20 மி.கி. கொடுத்து, ‘ரெண்டு ரெண்டா போட்டுக்கோம்மா’ன்னு அனுப்பியிருக்காங்க. சரியா? அப்புறம், திங்கள் ஊசியை மறந்துட்டு செவ்வாய் ராத்திரி ஞாபகம் வந்தா?

வண்ணை மருந்தாளுநர்:

ரெண்டு 20 சேர்த்து 40 ஆகாது சிஸ்டர். 20 என்பது தினமும் ஒன்று போடும் முறை, 40 என்பது வாரம் மூன்று, குறைந்தது 48 மணி நேர இடைவெளி. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிப் போடக் கூடாது என்று அந்த மருந்தின் தாளிலேயே இருக்கிறது. 40 கிடைக்கும் வரை தினசரி 20க்கு மாறுவதா என்பது நியூராலஜிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டிய முடிவு, கடைக்காரர் முடிவு இல்லை. கையில் நான்கு ஊசி மிச்சம் இருக்கும்போதே அடுத்த பெட்டிக்குச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள், இந்த மருந்தெல்லாம் எல்லாக் கடையிலும் இருப்பு வைப்பதில்லை.

மறந்த ஊசி: எதுவானாலும் ஒரே நாளில் இரண்டு கிடையாது. 40 மி.கி. என்றால் செவ்வாய் ராத்திரி போடலாம், ஆனால் புதன் ஊசி வியாழன் ராத்திரிக்குப் போய்விடும், 48 மணி நேரம் காக்க வேண்டும். அப்படியே வெள்ளி ஊசி சனிக்கு. அடுத்த திங்களிலிருந்து பழைய கணக்கு. தோலடி இன்டர்ஃபெரான்-1ஏ என்றால் திங்களை விட்டுவிட்டுப் புதன் ஊசியை வழக்கம்போல் போட்டால் சரி. தசை ஊசியை ஞாபகம் வந்த அன்றே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடுத்தடுத்த நாளில் இரண்டு வரக் கூடாது.

திங்கள் புதன் வெள்ளி:

சிஸ்டர், ஒண்ணு விட்டுப்போச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில எம்.எஸ்.ஸும் ஒண்ணு. உங்ககிட்ட இருக்கிறவங்க யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு விண்ணப்பிச்சாங்களான்னு கேளுங்க. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், நியூராலஜிஸ்ட் எழுதின சம்மரி, ஆதார், போட்டோ. மருந்துக்கு உதவி கேட்டு எங்க போனாலும் முதல்ல கேக்கிறது அந்த அட்டையத்தான். எம்.எஸ். சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னைக் கிளை இருக்கு, அங்கயும் பேர் பதிஞ்சு வைக்கச் சொல்லுங்க.